சாட்சிக் கூண்டில் ஏறுமுன்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேஷ் இமாம் ஆற்றிய உரை)

  

கமிட்டியின் முன் வரும் முறையீடுகளில் சொத்துத் தகராறுகளே மிகுதி. சில இங்கேயே சமாதானமாய் முடிகின்றன. மற்றவை நீதிமன்றம் செல்கின்றன. அங்குச் செல்வோர் நம்மிடம் வந்து கேட்பது ஒன்றே: "ஹஜ்ரத், விசாரணை வரும்போது வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்." விசாரணை நாளன்றுதான் வழக்குத் தொடங்குகிறது என்பது நம்மவர் எண்ணம். உண்மையில் அந்நாளைக்குள் வழக்கின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. நாம் வழக்கறிஞர் அல்லோம். சாட்சியாய் நின்று பட்டறிந்தவர் என்ற அளவில் பேசுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பெரியவர் ஒருவர், கணவனை இழந்து தம்முடன் வாழ்ந்த மகளுக்குத் தம் வீட்டை வாய்மொழியாக ஹிபா செய்தார். நாமும் வேறிருவரும் உடனிருந்தோம். அவர் வஃபாத்தான பின் மகன்மார் பாகப்பிரிவினை கேட்டு வழக்கிட்டனர். வாய்மொழி ஹிபா நம் நாட்டுச் சட்டத்தில் செல்லும். கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, சொத்தின் ஒப்படைப்பு ஆகிய மூன்றும் இருந்தால் பதிவுப் பத்திரம் கட்டாயமில்லை என உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கியது. ஆனால் அம்மூன்றும் நிகழ்ந்தன என்று காட்ட வேண்டுமே! அங்கேதான் சாட்சி வருகிறார்.

முன்பெல்லாம் சாட்சி கூண்டில் ஏறி, வக்கீல் கேட்கக் கேட்கத் தாம் கண்டதைத் தம் வாயால் சொல்வார். 2002 ஜூலை முதல் அந்த முதல் விசாரணை, பிரமாண வாக்குமூலமாக எழுத்தில் தாக்கலாகிறது. 'புரூஃப் அஃபிடவிட்' என்பர். இத்திருத்தங்களை எதிர்த்து நம் சேலம் வழக்கறிஞர் சங்கமே உச்ச நீதிமன்றம் சென்றது. 2002-இலும் 2005-இலும் அவை செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. ஆகவே இன்று சாட்சி வாய் திறப்பது பெரும்பாலும் எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையில்தான். தாளில் என்ன இருக்கிறதோ அதுவே அவர் சொல்லாகிவிடுகிறது.

நம் வாக்குமூலத்தை வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்தனர். அஸர் நேரம் நெருங்கியது. முதல் பக்கத்தைப் பார்த்தோம், மற்றவற்றில் ஒப்பமிட்டோம். பெரியவர் வீட்டுச் சாவியை மகள் கையில் கொடுத்ததை நேரில் கண்டதாக இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நாம் கண்டது அவர் சொன்னதையும் மகள் ஏற்றதையும்தான். சாவியைக் காணவில்லை. கூண்டில், "எத்தனை சாவிகள்?" என்று கேட்டார் எதிர்வக்கீல். திகைத்தோம். "சாவியைக் காணவில்லை" என்று உண்மையைச் சொன்னோம். "ஒப்பமிட்ட பின் இப்படிச் சொன்னால், மற்றவையும் இப்படித்தானா?" என்றார். அதற்கு நம்மிடம் பதிலில்லை. எழுதியவர் தீங்கு நினைத்து எழுதவில்லை. வழக்குக்கு வலுச் சேர்ப்பதாக எண்ணியிருப்பார். பிழை ஒப்பமிட்ட நம்முடையதே. பொய்ச் சாட்சிக்கு ஏழாண்டு வரை சிறை உண்டென்பதை அன்று எண்ணிப் பார்த்தோமா?

இதில் வேடிக்கை, அந்தச் சாவி தேவையே இல்லை. ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வோரிடையே சாவி கைமாறியாக வேண்டும் என்பதில்லை. உரிமையை விட்டுக்கொடுத்தது ஏதேனும் வெளிச்செயலால் புலப்பட்டால் போதும். பெரியவர் தம் காலத்திலேயே வீட்டு வரியை மகள் பெயருக்கு மாற்றியிருந்தார். அந்த ரசீதுகள் டிரங்குப் பெட்டியில் கிடந்தன! பிரதிவாதி, அழைப்பாணை பெற்ற 30 நாட்களில் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் 90 நாட்கள் வரை, மிக அரிதாக அதற்கு மேலும் நீதிமன்றம் அனுமதிக்கும். தம் கைவசமுள்ள ஆவணங்களையும் அத்துடனேயே தர வேண்டும். பின்னர் தருவதற்குத் தனியாக அனுமதி பெற வேண்டும். அப்பெண்மணி தனி மனுப் போட்டு, எதிர்ப்பையும் தாண்டி, அந்த ரசீதுகளைச் சேர்த்தார். முடிவில் அவருக்கே தீர்ப்பானது. அது ரசீதுகளாலும் மற்றொரு சாட்சியாலும்தான். நம் சாட்சியத்தால் அன்று.

சாட்சிப் பட்டியலிலும் இதே அலட்சியம். இரு தரப்புக் கூற்றுகளையும் பார்த்து, எவை தகராறு என நீதிபதி எழுவினாக்களை வகுப்பார். அதன்பின் 15 நாட்களுக்குள் சாட்சிகளின் பட்டியலைத் தர வேண்டும். விடுபட்டவரைப் பிறகு அழைக்கத் தக்க காரணம் காட்டியாக வேண்டும். பத்துப் பேரை அழைத்துப் போக வேண்டும் என்பாரும் உளர். ஷரீஅத்தில் கொடுக்கல் வாங்கலுக்கு இரு சாட்சிகள் என்ற முறை இருப்பதை நாம் அறிவோம். நம் நாட்டுச் சாட்சியச் சட்டமோ இத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிக்கை வைக்கவில்லை. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் அவ்வாறே. நேரில் கண்ட ஒருவர் போதும்; கேள்விப்பட்ட பத்துப் பேரால் பயனில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகள் வளைகுடா செல்வோர். வழக்கு நடக்கையில் சாட்சி வெளிநாடு புறப்படுகிறார் என்றால், அவரை உடனே விசாரிக்கும்படி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். விசா வந்து, டிக்கெட்டும் எடுத்த பின் நம்மிடம் வந்து கையைப் பிசைவதால் என்ன பயன்? படுக்கையில் உள்ள முதியவராயின், நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் வீட்டுக்கே வந்து சாட்சியம் பதிவு செய்ய வழியுண்டு. இதை அறியாமல், "வாப்பாவால் நடக்க முடியாது" என்று விட்டுவிட்டு, அவர் மௌத்தான பின் வருந்தியவர்களைக் கண்டிருக்கிறோம். நேரில் கண்டவர் அவர் ஒருவரே!

ஜமாஅத்தின் நிகாஹ் தஃப்தரையும் அவ்வப்போது நீதிமன்றம் கேட்கிறது. ஆவணத்தைக் கொணர மட்டுமே அழைப்பாணை எனில் ஒருவர் வழியாக அனுப்பினாலும் போதும். சாட்சியம் சொல்லவும் அழைத்திருந்தால் நாமே செல்ல வேண்டும். எது என்பதை, தாள் கைக்கு வந்ததும் செயலாளர் படித்துப் பார்த்துவிடுவது நலம்.

இனி நம்மைச் சாட்சியாக நாடுவோர் வாக்குமூலத்தின் நகலை இரண்டு நாள் முன்னதாகத் தர வேண்டுகிறோம். வரிவரியாகப் படிப்போம். நாம் காணாததை அடிப்போம். திருத்தித் தட்டச்சு செய்து வந்தால் ஒப்பமிடுவோம், இல்லையேல் மாட்டோம். இதில் எவரும் மனத்தாங்கல் கொள்ள வேண்டாம்.