சிறு கண்ணாடித் தொட்டிக்கு ஏற்ற மீன்கள்



வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு கண்ணாடித் தொட்டி வைத்து அழகு மீன் வளர்க்கும் ஆசை, இன்று அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியிலும் இருக்கிறது. ஆனால் ஆசையோடு வாங்கி வந்த மீன் பத்து நாளில் செத்து மிதக்க, குழந்தைகள் கண் கலங்க, பெரியவர்கள் ‘நமக்கு மீன் ராசியில்லை’ என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவதும் உண்டு. ராசிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மீனின் நிறத்தைப் பார்த்தோம். அது வாழப்போகும் நீரைப் பார்க்கவில்லை. தவறு அங்கேதான் இருக்கிறது.

ஒரு பிடி உப்பைக் கண்மாயில் போட்டால் எந்த மாறுதலும் தெரியாது. அதையே ஒரு குடத்து நீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. சிறு தொட்டியின் இயல்பும் இதுவே. மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியா என்னும் நச்சை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட இரையும் அழுகி அதையே உண்டாக்குகிறது. மணலில் குடியேறும் நுண்ணுயிர்கள் இந்த நச்சை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பத்து மீன்களை விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

30 சென்டிமீட்டர் நீளமும், 20 சென்டிமீட்டர் அகலமும், அதே அளவு உயரமும் உள்ள தொட்டி விளிம்பு வரை 12 லிட்டர் கொள்ளும். மணலும் பாசியும் போக, சுமார் 10 லிட்டர் நீர் நிற்கும். இதில் எந்த மீனை விடலாம்?

முதலில், விடக்கூடாத மீனைச் சொல்லிவிடுகிறேன். தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. கடையில் விரல் நீளம் இருக்கும் குஞ்சு, 20 சென்டிமீட்டர்வரை வளரக்கூடியது; பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. மிகுதியாக உண்டு மிகுதியாகக் கழிக்கும் இயல்புடையது. குளிர்ந்த நீரை விரும்புவது. அதை உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் அடைப்பது, உழவு மாட்டைத் திண்ணையில் கட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

ஏற்ற மீன்களில் முதலாவது சண்டை மீன். தாய்லாந்து 2019-ஆம் ஆண்டில் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக ஏற்றுக்கொண்டது. அங்கே நெல் வயல்களின் ஆழமற்ற நீரில் வாழ்வது இது. கோடையில் கண்மாய் வற்றும்போது நம் விரால் மீன் சேற்றில் கிடந்து, மேலே வந்து காற்றைக் குடித்து உயிர் தரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சண்டை மீனும் அவ்வாறே காற்றைச் சுவாசிக்கும் உறுப்புடையது. ஆகவே உயிர்வளி குறைந்த நீரிலும் தாங்கும். ஆனால் ஒரு தொட்டிக்கு ஒன்றே போதும். ஆண் மீன் இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும்.

இரண்டாவது கப்பி. கிணற்று நீரில் பருப்பு வேகவில்லை, சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று இல்லத்தரசிகள் குறைப்படுவதைக் கேட்கிறோம். அத்தகைய கடின நீர் கப்பிக்கு ஒத்துவரும். நியான் டெட்ரா போன்ற அமேசான் மீன்களுக்கோ மென்னீர்தான் இயல்பு. ஆகவே கப்பியில் மூன்று அல்லது நான்கு ஆண் மீன்களை மட்டும் விடுங்கள். பெண் மீனைச் சேர்த்தால் ஏறத்தாழ மாதம் ஒருமுறை குஞ்சுகளை ஈன்று, தொட்டி விரைவில் நிரம்பிவிடும். சண்டை மீனையும் கப்பியையும் ஒரே தொட்டியில் விடாதிருப்பது நலம்.

நம் வெயிலையும் மறக்கலாகாது. 20 பாகைச் சூட்டில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும்; 30 பாகையில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். சிறு தொட்டி விரைவில் சூடேறும். எனவே அதை வெயில் படாத இடத்தில் வையுங்கள். தறி ஓடும் வீடுகளில் தறியை விட்டுத் தள்ளி வையுங்கள். மீன் தன் உடலின் பக்கக் கோட்டினால் சிறு அதிர்வையும் உணரும். கொசு மருந்தை அருகில் தெளிக்காதீர்கள். அதிலுள்ள நஞ்சு மீனுக்கு எமன்.

நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை மட்டும் ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை இரண்டரை லிட்டரை எடுத்துவிட்டு, புது நீர் ஊற்றுங்கள். குழாய் நீரானால் அதன் குளோரின் நீங்க ஒருநாள் திறந்து வைத்தபின் ஊற்றுங்கள். குளோரமின் கலந்த நீராயின் அது போதாது. அதற்குரிய மருந்து கடைகளில் கிடைக்கும். எடுத்த நீரை வீணாக்காமல் முருங்கைக்கோ மல்லிகைக்கோ விடலாம். ஒரு குடம் நீருக்குக் காத்து நிற்கும் ஊரில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமுண்டா என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

இறுதியாக ஒன்று. வளர்க்க முடியவில்லை என்றால் மீனைக் கண்மாயிலோ குண்டாற்றிலோ விட்டுவிடாதீர்கள். கொசுவை ஒழிக்க 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன், உள்நாட்டுச் சிறு மீன்களுக்கே கேடாக முடிந்தது. ஒரு மழையில் நிரம்பி ஒரு கோடையில் வற்றும் நம் கண்மாய்களில் அயிரையும் கெண்டையும் பிழைத்திருப்பதே அரிது. அவற்றின் பங்கில் அயலாரைக் கொண்டுபோய் அமர்த்த வேண்டாம். வளர்க்க விரும்பும் மற்றொரு வீட்டுக்கோ, வாங்கிய கடைக்கோ கொடுத்துவிடுங்கள்.