கல்லூரிக் கூடைப்பந்தும் காலணி நிறுவனங்களின் பணமும்

(கோடை விடுமுறையில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த அமர்வில் கல்லூரி விண்ணப்பங்கள், எஸ்.ஏ.டி. தேர்வு, தமிழ்ப் பள்ளி ஆகியவை பற்றியே பேசுவோம். இன்று கூடைப்பந்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்தபோது, நண்பர் ஒருவர் "நம் பிள்ளைகளுக்கும் அதற்கும் என்னய்யா தொடர்பு?" என்று கேட்டார். நானும் அவ்வாறே எண்ணியிருந்தவன்தான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை வரை.

என் மகன் அப்பொழுது எட்டாம் வகுப்பில் இருந்தான். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் வாய்க்காத உயரம் அவனுக்கு வாய்த்திருந்தது. பயிற்சி முடிந்து வண்டியில் ஏறப் போகையில், பக்கத்து ஊர்க் கழகம் ஒன்றின் பயிற்சியாளர் எங்களை அணுகினார். கையில் ஒரு காலணிப் பெட்டி. கட்டணம் வேண்டாம், பயணச் செலவும் வேண்டாம், எங்கள் அணியில் சேருங்கள் என்றார். பிறகு மிக இயல்பாக ஒரு யோசனையையும் கூறினார்: மகன் எட்டாம் வகுப்பை இன்னொரு முறை படித்தால் நல்லது, ஒரு வயது கூடினால் உயரமும் வலிமையும் கூடும், கல்லூரிப் பயிற்சியாளர்களின் கண்ணில் படுவான். இந்நாட்டில் இது பரவலாக நடப்பதுதான். ஆயினும் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளையை வேண்டுமென்றே ஓராண்டு பின்தள்ளுவது என்பதை என் மனைவியால் நம்பவே முடியவில்லை. நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "உங்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?" அவர் சிரித்தார், பதில் கூறவில்லை.

அன்றிரவு அந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கியதன் விளைவே இந்த உரை.

முதலில் சிறிது வரலாறு. இளையோர் பலர் 2023இல் வெளிவந்த 'ஏர்' திரைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் சன்னி வக்காரோ உண்மையான மனிதர். பிட்ஸ்பர்க் நகரில் 1965 முதல் உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களுக்கான போட்டி ஒன்றை நடத்தி, நாடெங்கும் பயிற்சியாளர்களைப் பழக்கம் பிடித்து வைத்திருந்தவர். 1970களின் பிற்பகுதியில் நைக்கி நிறுவனம் அவரைப் பணிக்கு அமர்த்தியது. அவர் செய்த வேலை மிக எளிது. கல்லூரிப் பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுத்தார்; அவர்களுடைய அணிகளுக்கு இலவசக் காலணிகள் கொடுத்தார். ஒப்பந்தம் கல்லூரியோடு அன்று, பயிற்சியாளரோடு! காலணியை அணிந்து ஓடிய மாணவனுக்கு ஒரு காசும் இல்லை; அவன் 'தன்னார்வ' ஆட்டக்காரன், பணம் வாங்கினால் ஆடும் தகுதியையே இழப்பான் என்பது என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. மைக்கேல் ஜோர்டானே வட கரோலினாவில் படித்த காலத்தில் கல்லூரி அணிந்த கான்வெர்ஸ் காலணியைத்தான் அணிந்தார். 1984இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த பின்புதான் நைக்கியோடு தம் பெயரில் ஒப்பந்தம் செய்தார்.

ஜோர்டானின் காலணி விற்ற விற்பனை, நிறுவனங்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது: அடுத்த ஜோர்டானை எவ்வளவு இளம் வயதில் பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. கல்லூரியில் பிடிப்பதைவிடப் பள்ளியில் பிடிப்பது மேல். 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாத நிலையில், நைக்கியோடு ஏறத்தாழ 90 மில்லியன் டாலர் ஒப்பந்தம் செய்தார். அந்தத் தொகைக்காக மூன்று நிறுவனங்கள் ஒரு பள்ளி மாணவனைச் சுற்றிச் சுற்றி வந்தன.

இன்று கோடைகாலக் கழக அணிகளுக்கென நிறுவனங்கள் தனித்தனிப் போட்டித் தொடர்களையே நடத்துகின்றன. நைக்கி 2010இல் தொடங்கிய தொடர் ஒன்று. அடிடாஸ், அண்டர் ஆர்மர் ஆகியவற்றுக்கும் உண்டு. நைக்கி தொடரின் உச்சமான போட்டி ஒவ்வோர் ஆண்டும் தென் கரோலினாவில் நடக்கையில், நாட்டின் பெயர்பெற்ற கல்லூரிப் பயிற்சியாளர்கள் எல்லோரும் அங்கே வரிசையாக அமர்ந்திருப்பார்கள்.

இனி என் தொழில் வழக்கப்படி, பணம் பாயும் வழியை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். நிறுவனம் கழகத்துக்குக் காலணியும் உடையும் பயணச் செலவும் தருகிறது. கழகப் பயிற்சியாளரின் செல்வாக்கு, தன்னிடம் எத்தகைய சிறுவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதே நிறுவனம் கல்லூரிக்கும் பணம் தருகிறது. 2016இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் நைக்கியோடு செய்த ஒப்பந்தம் 15 ஆண்டுகளுக்கு 252 மில்லியன் டாலர். கல்லூரியின் துணைப் பயிற்சியாளருக்குச் சிறுவன் வேண்டும். ஆகவே கழகப் பயிற்சியாளரின் நட்பு வேண்டும். நிறுவனத்துக்கோ, தன் உடையை அணிந்த கல்லூரி வெல்ல வேண்டும். அந்தச் சிறுவன் பிற்காலத்தில் தன் காலணியை விற்க வேண்டும். தாளில் எல்லாக் கோடுகளும் சிறுவனைத் தொட்டுச் சென்றன. எந்தக் கோடும் அவனிடம் முடியவில்லை.

நம்மில் பெரும்பாலோர் தகவல் தொழில்நுட்பத் துறையினர். கன்சல்டன்சி, வெண்டர், அதன் மேல் இன்னொரு வெண்டர், அதற்கும் மேல் கிளையண்ட் என்ற அடுக்கில் நின்று வேலை பார்த்தவர்கள். நம் ஒரு மணி நேரத்துக்குக் கிளையண்ட் என்ன கொடுக்கிறார் என்பது நமக்குத் தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள். (சிரிப்பு) ஆகவே இந்தப் படம் உங்களுக்குப் புதிதன்று.

இந்தப் படம் உண்மை என்று நீதிமன்றத்திலேயே வெளிப்பட்டது. 2017 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் கூட்டரசு வழக்கறிஞர்கள் பத்துப் பேர் மீது குற்றம் சாட்டினர். அவர்களுள் நான்கு கல்லூரித் துணைப் பயிற்சியாளர்களும், அடிடாசின் கூடைப்பந்துச் சந்தைப்படுத்தல் பொறுப்பாளர் ஜேம்ஸ் கேட்டோவும் இருந்தனர். குற்றச்சாட்டுகளுள் ஒன்று: பிரையன் போவன் என்ற இளைஞர் லூயிவில் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பதற்காக அவருடைய தந்தைக்கு 1,00,000 டாலர் தருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய மாதம்தான் லூயிவில் பல்கலைக்கழகம் அடிடாசோடு பத்தாண்டுகளுக்கு 160 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தை அறிவித்திருந்தது. இரண்டு தொகைகளையும் ஒரு கணம் அருகருகே வைத்துப் பாருங்கள். பெரிய தொகைக்குப் பத்திரிகையாளர் சந்திப்பு. சிறிய தொகைக்குக் கைவிலங்கு.

2018 அக்டோபரில் கேட்டோ உள்ளிட்ட மூவரும் குற்றவாளிகள் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. சட்டத்தின் பார்வையில் ஏமாற்றப்பட்டவர் யார் தெரியுமா? பல்கலைக்கழகங்கள்! தகுதி இழந்த மாணவனுக்கு, அறியாமல் உதவித்தொகை தந்துவிட்டனவாம். நான் அந்த வழக்கின் செய்திகளைப் படிக்கையில் என் மனம் தங்கிய இடம் வேறு. சாட்சிக் கூண்டில் அமர்ந்திருந்த அந்தத் தந்தை, தம் மகன் கல்லூரியில் ஆடினானா என்ற பேச்சு வந்தபோது உடைந்து அழுதார். மகனுக்கு அந்த ஏற்பாடு தெரியாது என்பதே வழக்கில் கூறப்பட்டது. ஆயினும் லூயிவில் அவரை ஆட அனுமதிக்கவில்லை. தென் கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பார்த்தார். அங்கும் ஆட இயலவில்லை. இறுதியில் ஆஸ்திரேலியா சென்று சிட்னி அணியில் ஆடினார். ஒரு கல்லூரி ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தந்தையைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது. வாகன நிறுத்துமிடத்தில் காலணிப் பெட்டியைக் கையில் வாங்கி நின்ற எனக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை.

2021க்குப் பிறகு நிலைமை வெகுவாக மாறிவிட்டது. எட் ஓபானன் என்ற முன்னாள் ஆட்டக்காரர், தம் உருவம் தமக்குக் காசு தராமல் ஒரு கணினி விளையாட்டில் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு 2009இல் தொடுத்த வழக்கு, 2019இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம், 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒருமனதான தீர்ப்பு ஆகியவற்றின் தொடர்ச்சியாக, 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தம் பெயர், படம், சாயல் ஆகியவற்றுக்குப் பணம் பெறலாம் என்றாயிற்று. இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். சுவையான செய்தி ஒன்று: ஓபானன் வழக்குக்குத் துணை நின்றவர்களுள் நாம் முன்னே பார்த்த அதே சன்னி வக்காரோவும் ஒருவர்! 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே 2025-26 கல்வியாண்டில் ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர் வரை மாணவ ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம் என்றும் ஆகிவிட்டது.

இது நியாயமான மாற்றம் என்பதே என் கருத்து. உழைத்தவனுக்குக் கூலி மறுப்பதை எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அது அநியாயமே. ஆனால் தாளில் வரைந்த கோடுகள் அழிந்துவிடவில்லை. சிறுவனை நோக்கிப் புதிய கோடு ஒன்று சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. 2022இல் நைஜெல் பேக் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து மயாமிக்கு மாறியபோது, அவ்வூர்ச் செல்வந்தர் ஒருவரின் நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு 8,00,000 டாலரும் ஒரு காரும் தருவதாக வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு முன் இதில் எட்டில் ஒரு பங்குக்கு மனிதர்கள் கைதானார்கள். 2025இல் டென்னசி பல்கலைக்கழகம் நைக்கியை விட்டு 2026 முதல் அடிடாசுக்கு மாறுவதாக அறிவித்தபோது, ஆட்டக்காரர்களுக்கான என்.ஐ.எல். வாய்ப்புகளும் அந்த ஒப்பந்தத்தின் சிறப்பாகக் கூறப்பட்டன. காலணி நிறுவனத்தின் பணம் மாணவனைக் கல்லூரிக்கு அழைக்கும் தூண்டிலாக ஆவதை இனி மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

நிறுவனம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்று நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. கூப்பர் ஃபிளாக் நைக்கி தொடரில் ஆடினார். நைக்கி அணியும் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் 2024இல் ஒப்பந்தம் செய்தது நியூ பேலன்ஸ் நிறுவனத்தோடு. அவர் பிறந்த மெய்ன் மாநிலத்தில் அந்நிறுவனத்துக்குத் தொழிற்சாலைகள் உண்டு. கல்லூரி ஆட்டத்தில் நைக்கியையே அணிந்தார். அவருக்கு அந்தப் பேரம் பேசும் வலிமை இருந்தது. பெண் பிள்ளைகளுக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது. கெய்ட்லின் கிளார்க் அயோவாவில் படிக்கும்போதே 2022இல் நைக்கியோடு ஒப்பந்தம் செய்தார். ஆனால் உயர்நிலைப் பள்ளிகளில் ஆடும் பையன்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களுள் முதல் பிரிவுக் கல்லூரி அணிக்குச் செல்வோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர். ஃபிளாக்கின் பேர வலிமை அந்த ஒருவருக்கும் இராது.

நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அதை எவரும் நமக்குச் சொல்வதில்லை. நம் பிள்ளைகள் பலர் இன்னும் எச்-4 விசாவில் இருக்கிறார்கள். 21 வயதில் பலர் எஃப்-1க்கு மாற வேண்டிவரும். எச்-4இல் உள்ள பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. எஃப்-1இலும் கடுமையான கட்டுப்பாடுகள். கனடாவிலிருந்து வந்து, 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று பெயர் பெற்ற பர்டூ பல்கலைக்கழகத்தின் சாக் ஈடியே, விசாவின் காரணமாக மற்றவர்களைப் போல விளம்பர வருவாய் ஈட்ட இயலவில்லை. ஒரு சிறு கடையின் விளம்பரத்தில் காசு வாங்கிக்கொண்டு நின்றாலும் அது நாளைக்குப் பச்சை அட்டை விண்ணப்பத்தில் கேள்வியாக வரக்கூடும். கையெழுத்திடும் முன் விளையாட்டு முகவரிடம் அன்று, குடியேற்ற வழக்கறிஞரிடம் செல்லுங்கள். குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கும் ஒன்று: இந்த வருவாயில் வரி பொதுவாகப் பிடிக்கப்படுவதில்லை, ஏப்ரலில் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

மகனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நாங்கள் அவனை அந்தக் கழகத்தில் சேர்க்கவில்லை. வகுப்பையும் திருப்பிப் படிக்க வைக்கவில்லை. காலணியை மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். மூன்று வாரங்கள் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவனோடு ஆடிய இன்னொரு பையன் அதில் சேர்ந்தான், நன்றாக ஆடுகிறான், இரண்டு கல்லூரிகளிலிருந்து அவனுக்குக் கடிதங்கள் வந்திருப்பதாக அறிகிறேன். எங்கள் முடிவு சரியா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. அவன் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான். தேநீர் இடைவேளையில் அவனுடைய தரப்பையும் கேளுங்கள், அது என்னுடையதிலிருந்து வேறுபடும்.

அந்தத் தாளில் வரைந்த படத்தின் பிரதிகளை வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். முதல் பிரிவுக் கல்லூரியில் ஆடத் தேவையான 16 அடிப்படைப் பாடங்களின் விவரமும் அதன் பின்புறத்தில் உள்ளது. ஒன்பதாம் வகுப்பிலேயே அதைப் பார்த்துப் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பார்த்தால் பயனில்லை. கேள்விகள் இருப்பின் கேட்கலாம்.