முதல் ஆறு மாதத் துணை



தாதியாகப் பல வருடங்கள் வேலை செய்தவள் என்ற முறையில் ஒரு வேண்டுகோளோடு நிற்கிறேன்.

ராகலைத் தோட்டங்களிலிருந்து ஒரு பிள்ளை தாதியர் பயிற்சிக்குப் போனால் லயமே சந்தோஷப்படுகிறது. ஆனால் அவளுக்குத் துணை அதிகம் தேவைப்படுவது நியமனக் கடிதம் கிடைத்த பிறகுதான். படித்ததற்கும் வார்டில் காண்பதற்கும் உள்ள இடைவெளி புதிய தாதியரைக் கலங்கடிப்பதை மார்லின் கிரேமர் 1974இலேயே எழுதினார். தாதி ஒருவர் அனுபவத்தால் ஐந்து படிகளில் தேர்ச்சியடைவதாக பட்ரிஷியா பென்னர் 1984இல் விளக்கினார்.

நம் பிள்ளைக்கு மொழியும் ஒரு படி. நோயாளி தமிழில் வலியைச் சொல்வார். டொக்டர் ஆங்கிலத்தில் எழுதுவார். பக்கத்தில் நிற்பவர்கள் சிங்களத்தில் பேசுவார்கள். "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அவள் வாய் திறக்கமாட்டாள். கேட்காத கேள்வி நோயாளிக்கு ஆபத்து.

பிரித்தானியாவில் புதிய தாதியருக்கு அனுபவமுள்ள ஒருவரைத் துணையாக வைக்கிறார்கள். அதற்கான கோட்பாடுகளை அங்குள்ள தாதியர் சபை 2020இல் வெளியிட்டது. நம்மால் முடிந்தது வட்ஸ்அப் துணை. இரண்டு மூன்று வருடம் மூத்த தாதி ஒருத்தி, ஆறு மாதத்துக்கு, வாரம் அரை மணித்தியாலம் பேசினால் போதும். அந்தப் பயம் அவளுக்கு இன்னும் மறந்திருக்காது. சிக்னல் இல்லாத தோட்டத்துக்குக் குரல் பதிவு அனுப்பலாம்.

முதல் பாடமாக, டொக்டருக்குத் தகவல் சொல்வதைப் பழக்குங்கள்: இப்போது என்ன நடக்கிறது, நோயாளியின் பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். இந்த நான்கையும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்க்கட்டும்.

இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. நோயாளியின் பெயரோ படமோ போனில் வரக்கூடாது. மருந்தின் அளவில் சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே வார்டிலுள்ள சிஸ்டரிடம்தான் கேட்க வேண்டும். தயங்காமல் கேட்கும் தைரியத்தைக் கொடுப்பதே நம் வேலை.

தாதியராக இருக்கும் சகோதரிகளே, வாசலில் ஒரு கொப்பி இருக்கிறது. போகுமுன் உங்கள் பெயரையும், இருக்கும் நாட்டையும், ஓய்வான நேரத்தையும் எழுதிவிட்டுப் போங்கள்.