மடித்த தாளும் மறைந்த கைகளும்



1825ஆம் ஆண்டு மே மாதம். வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையில் ஒரு கல்யாணம் நடந்தது. அவருடைய பேத்தி எல்லென், பாஸ்டனைச் சேர்ந்த ஜோசஃப் கூலிட்ஜை மணந்துகொண்டு புகுந்த வீட்டுக்குப் புறப்பட்டார். அவருடைய சாமான்கள் பின்னாலேயே கப்பலில் சென்றன. அந்தக் கப்பல் கரைசேரவில்லை. சிறுவயது முதல் எல்லென் சேர்த்து வைத்திருந்த கடிதங்களும் குறிப்புகளும் புத்தகங்களும் கடலோடு போயின. கூடவே ஓர் எழுதுமேசையும் போனது. கல்யாணப் பெண்ணுக்கென்று அதை இழைத்து இழைத்துச் செய்தவர் ஜான் ஹெமிங்ஸ், அந்த மாளிகையில் அடிமையாக இருந்த தச்சர்.

நவம்பர் 14ஆம் தேதி ஜெஃபர்சன் பேத்திக்குக் கடிதம் எழுதினார். மற்ற இழப்புகளைவிட ஹெமிங்ஸுக்கு அந்த மேசையின் இழப்பே பெரிதாகப் பட்டதை அதில் சொன்னார். ஹெமிங்ஸுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. இன்னொரு மேசை செய்ய இயலாது. ஆகவே, 1776இல் சுதந்திரப் பிரகடனத்தை எழுதப் பயன்பட்ட தம் சொந்தச் சிறு மேசையை மாப்பிள்ளைக்குப் பரிசாக அனுப்பிவைத்தார். அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹெமிங்ஸ் செய்த மேசை கடலுக்கடியில் கிடக்கிறது.

அந்தத் தச்சரும் கடிதம் எழுதியவர்தான். ஜெஃபர்சனின் பாப்லர் ஃபாரஸ்ட் பண்ணையில் வேலை செய்தபோது அவருக்கு எழுதியிருக்கிறார். மான்டிசெல்லோ வீட்டின் சிறுமியான செப்டிமியாவுக்கும் எழுதியிருக்கிறார். அவற்றில் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்கக் குடும்பக் கடிதங்களை ஆராயக் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கு ஹெமிங்ஸிடமிருந்து தொடங்குவது பொருத்தம். கையெழுத்திட்டவரின் சொற்களை மட்டும் படித்தால் வீட்டின் பாதிதான் தெரியும். தாள் எப்படி மடிந்தது, கூலி யார் கொடுத்தார், எழுதத் தெரியாதவர் யார் கையால் எழுதினார் என்பதையும் படித்தால்தான் முழு வீடும் கண்ணில் படும்.

தாளிலிருந்தே தொடங்கலாம். அன்று உறை போடும் வழக்கம் அரிது. ஒரு பெரிய தாளை இரண்டாக மடித்தால் நான்கு பக்கம். மூன்றில் எழுதி, நான்காவது பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, முகவரி எழுதி, அரக்கு வைத்து ஒட்டுவார்கள். பிரிக்கும்போது அரக்கோடு தாளும் கிழியும். பல கடிதங்களில் வாக்கியத்தின் நடுவே ஓட்டை இருப்பது அதனால்தான். இடம் போதாவிட்டால் தாளைக் குறுக்காகத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே மறுபடியும் எழுதுவார்கள். பின்னலிட்ட கூடைபோல் தெரியும் அந்தப் பக்கங்களைப் படிக்கக் கண்ணும் பொறுமையும் வேண்டும்.

இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் தபால் கூலி. 1816ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒற்றைத் தாள் 30 மைலுக்குள் போக 6 சென்ட். 400 மைலைத் தாண்டினால் 25 சென்ட். இரண்டு தாள் என்றால் இரு மடங்கு. கூலியாள் நாளொன்றுக்கு ஒரு டாலர் சம்பாதிப்பதே அரிதான காலம் அது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே பணம் கட்ட வேண்டும். ஒஹாயோவுக்குக் குடிபெயர்ந்த மகள் நீளமாக எழுதினால், ஊரில் இருக்கும் தாயின் சுருக்குப்பைதான் இளைக்கும்.

ஆகவே குடும்பங்கள் குறுக்குவழி கண்டுபிடித்தன. செய்தித்தாளுக்குத் தபால் கூலி ஒன்று அல்லது ஒன்றரை சென்ட்தான். பழைய செய்தித்தாளில் வேண்டிய எழுத்துகளின் கீழே புள்ளி வைத்தோ ஊசியால் குத்தியோ அனுப்பினால், பெறுபவர் எழுத்துக் கூட்டிச் சேதி அறிந்துகொள்வார். 1845இல் கூலியைக் குறைத்து, தாள் கணக்கை விட்டு எடைக் கணக்குக்கு மாறினார்கள். 1847இல் தபால்தலை வந்தது. 1855இல் அனுப்புபவரே முன்கூட்டிப் பணம் கட்டுவது கட்டாயமானது. ஒரு குடும்பத்தின் கடிதங்கள் 1845க்குப் பிறகு திடீரென்று பெருகினால், அதற்குப் பாசம் கூடியதுதான் காரணம் என்று எழுதிவிடக் கூடாது. கூலிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் நடந்த துயரங்களைக் கடிதம் எப்படிச் சுமந்தது என்பதற்கு ஆடம்ஸ் குடும்பம் சான்று. ஜான் ஆடம்ஸ், அபிகேல் தம்பதியின் மகள் நாபி 1811இல் மார்பில் கட்டியுடன் மாசசூசெட்ஸில் உள்ள பெற்றோர் வீட்டுக்கு வந்தார். பிலடெல்ஃபியாவில் இருந்த மருத்துவர் பெஞ்சமின் ரஷ்ஷுக்குத் தம் நிலையைத் தாமே எழுதினார். ரஷ்ஷின் பதில் நாபிக்கு வரவில்லை, அவருடைய தந்தைக்கு வந்தது. அறுவை சிகிச்சை ஒன்றே வழி என்று ரஷ் எழுதியிருந்தார். அக்டோபரில் அந்த வீட்டிலேயே, மயக்க மருந்து இல்லாமல் அது நடந்தது. 1813 ஆகஸ்டில், அதே வீட்டில் நாபி இறந்தார். எழுதியது மகள், பதில் பெற்றது தந்தை. அந்தக் காலத்துக் குடும்பத்தில் யார் சொல் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை இந்த ஒரு முகவரி மாற்றமே காட்டிவிடுகிறது.

முகவரி எழுதவும் பிறர் கை தேவைப்பட்டவர்கள் இருந்தார்கள். 1831இல் வர்ஜீனியா, கறுப்பின மக்கள் கூடி எழுதப் படிக்கக் கற்பதைத் தடைசெய்து சட்டம் போட்டது. 1837இல் அந்த மாநிலத்தின் ஆளுநரான டேவிட் கேம்ப்பெல், அபிங்டனில் இருந்த வீட்டை விட்டு ரிச்மண்டுக்குப் போனார். அடிமைகளில் சிலரையும் அழைத்துப்போனார். கணவர் மைக்கேலும் மகள் எலைசாவும் அங்கே போக, அவருடைய அடிமைகளில் இன்னொருவரான ஹன்னா வாலன்டைன் பழைய வீட்டையும் தோட்டத்தையும் கவனிக்க அபிங்டனிலேயே விடப்பட்டார். அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதிய கடிதங்கள் கேம்ப்பெல் குடும்பத்தாரின் காகிதங்களோடு காகிதங்களாக இன்று டியூக் பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஒரு தாய் மகளிடம் பேசுகிறார். எழுதும் கை வேறு ஒருவருடையது. காகிதம் பாதுகாக்கப்பட்டது எஜமானரின் பெட்டியில். மனதில் இருந்ததை அத்தனை பேருக்கு நடுவே அவரால் எவ்வளவு சொல்ல முடிந்திருக்கும்?

இந்தக் குடும்பக் கடிதங்களின் கதைக்குத் தமிழ் மண்ணோடும் நேரடித் தொடர்பு உண்டு. கனெக்டிகட்டின் நார்விச் ஊரில் பிறந்த ஹேரியட் லேத்ரோப், மிஷனரி மைரன் வின்ஸ்லோவை மணந்து 1819 ஜூனில் பாஸ்டனில் கப்பலேறினார். யாழ்ப்பாணத்து உடுவிலில் குடியேறி, 1824இல் அங்கே பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். 1833இல் அவர் இறந்த பிறகு, அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் கொண்டு கணவர் உருவாக்கிய நூல் 1835இல் வெளிவந்தது. பின்னாளில் 1862இல் தமிழ் ஆங்கில அகராதி தந்தவரும் அதே வின்ஸ்லோதான். தங்கைகள் மூவரும் அக்காளைத் தொடர்ந்து அதே மிஷன் பணிக்கு வந்தார்கள். ஆக, நார்விச் குடும்பத்தின் கடிதக்கட்டில் உடுவில் வீடும் இருக்கிறது. அந்த வீட்டில் வேலை செய்த, பள்ளியில் படித்த தமிழ்ப் பெண்களைப் பற்றிய வரிகளைத் தேடிப் படிக்க, தமிழ் அறிந்த ஆய்வாளர்களைவிடப் பொருத்தமானவர்கள் வேறு யார்?

இரண்டு நாள் அமர்வுகளில் கட்டுரை படிக்கவிருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடுத்துக்காட்டும் ஒவ்வொரு கடிதத்தோடும் மூன்று விவரங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்: அது யாருடைய கையெழுத்து, கூலி எவ்வளவு, இன்றுவரை அதைப் பாதுகாத்தவர் யார். அச்சுப் பதிப்போடு நின்றுவிடாமல், மூலத் தாளின் படத்தையும் அதன் பின்பக்கத்தையும் ஒருமுறையாவது பாருங்கள். முதல் அமர்வு இப்போது தொடங்குகிறது.