ஊக்குக் குத்திய வாலிபர்கள்
(வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



சட்டையைக் கிழித்துவிட்டு, காதிலே ஊக்குக் குத்திக்கொண்டு, தொண்டை கிழியக் கத்துகிற வெள்ளைக்காரப் பையன்களைப் பற்றித் தொழிலாளர் கூட்டத்தில் என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். விசாரித்துப் பார்த்த பிறகுதான் அது வேலையற்ற பிள்ளைகளின் கத்தல் என்று புரிந்தது.

1976ல் பிரிட்டனில் வேலையில்லாதோர் 10 லட்சத்துக்கும் மேல். தொழிற்கட்சி சர்க்கார் சர்வதேச நிதி நிறுவனத்திடம் கடனுக்குக் கையேந்தி, ஜனங்களுக்கான செலவை வெட்டியது. பள்ளியை விட்டு வந்த பிள்ளைக்குப் போக இடமில்லை. அந்த ஆண்டில் அங்கே கிளம்பியதுதான் 'பங்க்' இசை. கிட்டாரில் மூன்று பிடி தெரிந்தால் மேடையேறலாம். வித்வான்கள் முகம் சுளித்தார்கள். கம்பெனிகளோ, காசு வரும் என்றதும் வலை வீசின!

ஆனால் எல்லோரும் வலையில் விழவில்லை. துணி ஆலைகளுக்குப் பேர்போன மாஞ்செஸ்டரில் 'பஸ்காக்ஸ்' என்ற குழுவினர் சுமார் 500 பவுன் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தாங்களே இசைத்தட்டு வெளியிட்டார்கள். முதலில் போட்டது 1000 தட்டு. அது விற்றுத் தீர்ந்து, மேலும் பல்லாயிரம் விற்றது. முதலாளி இல்லாமலே பாட்டு ஊரெங்கும் போயிற்று.

வெட்கப்படத்தக்க விஷயமும் உண்டு, மறைக்கக் கூடாது. ஊரை அதிரவைக்கிறோம் என்று சில பையன்கள் ஹிட்லரின் ஸ்வஸ்திகாவை அணிந்து திரிந்தார்கள். இதே பையன்களைத்தான் நேஷனல் பிரண்ட் என்ற நிறவெறிக் கட்சி தேடி அலைந்தது. 'உன் வேலையைப் பறித்தவன் கறுப்பன், ஆசியாக்காரன்' என்று காதில் ஓதியது. ஆலையை மூடியவன் யார் என்று மட்டும் சொல்லவில்லை!

1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் மேடையில் எரிக் கிளாப்டன் என்ற பாடகரே, வந்தேறிகளை வெளியேற்று என்று பேசினார். கறுப்பரான பாப் மார்லியின் பாட்டைப் பாடிப் புகழெடுத்தவர் அவர்! கொதித்துப்போன ரெட் சாண்டர்ஸ் என்ற போட்டோக்காரரும் நண்பர்களும் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அதிலிருந்து 'நிறவெறிக்கு எதிராக ராக்' இயக்கம் பிறந்தது. பையன்களின் தலைமயிரைப் பற்றி அவர்கள் உபதேசம் செய்யவில்லை. பங்க் குழுவையும் கறுப்பரின் ரெகே குழுவையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள், அவ்வளவுதான்.

1978 ஏப்ரல் 30 அன்று டிரபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்காவுக்கு ஊர்வலம். 80,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். 'கிளாஷ்' பாடிற்று, பர்மிங்ஹாமின் கறுப்பு வாலிபர்களான 'ஸ்டீல் பல்ஸ்' பாடினார்கள், சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரீன் பாடினார். தனியாக வந்த பையன், தன்னைப் போல் ஆயிரமாயிரம் பேர் இருப்பதைக் கண்ணால் கண்டான்.

பாட்டினால் கொலை நின்றுவிட்டதா? இல்லை, தோழர்களே. நான்கே நாள் கழித்து, மே 4 அன்று, அதே கிழக்கு லண்டனில், தையல் வேலை முடித்து வீடு திரும்பிய வங்காளித் தொழிலாளி அல்தாப் அலி குத்திக் கொல்லப்பட்டார். மே 14 அன்று அவர் சவப்பெட்டியின் பின்னால் சுமார் 7000 பேர் பிரதம மந்திரியின் வாசல்வரை நடந்தார்கள். அவர் விழுந்த இடத்தருகே உள்ள பூங்காவுக்கு 1998ல் அவர் பெயர் வைக்கப்பட்டது.