கதவடியில் வந்து நிற்கிற பெடியள்



வெள்ளைச் சேர்ட், கறுப்புப் பெயர்ப்பட்டி, இரண்டு இளம் பெடியள். நியூ ஜேர்சியிலும் ரெக்சாசிலும் உங்களில் பலருடைய கதவை இவர்கள் தட்டியிருப்பார்கள். கதவு தட்டினால் நெஞ்சு திக்கென்கிற சனம் நாங்கள். அதனால்தான் இவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வந்தேன்.

இவர்கள் அரசாங்க ஆட்களல்ல. மோர்மன்கள் என்று ஊர் சொல்கிற, யூட்டாவில் தலைமையகம் உள்ள சபையின் ஊழியர்கள். 2012 முதல் ஆண்பிள்ளைகள் 18 வயதிலேயே போகலாம். இரண்டு வருடம், பெண்பிள்ளைகளுக்கு ஒன்றரை. சம்பளம் கிடையாது. அமெரிக்கப் பிள்ளையென்றால் பொதுவாக அவரோ குடும்பமோ மாதாமாதம் பணம் கட்டவேண்டும். எந்த ஊர் என்பதைச் சபைதான் தீர்மானிக்கும். காலை ஆறரைக்கு எழும்பவேண்டும், காதல் கூடாது, கூட்டாளியை விட்டுத் தனியே போகக்கூடாது. அந்தக் கூட்டாளியையும் அவர்கள் தெரிவு செய்வதில்லை. பிடிக்காத ஒருவனோடு மாதக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்து பாருங்கள்!

2019 பெப்ரவரி வரை வீட்டோடு போனில் கதைக்க வழக்கமாக வருடத்தில் இரண்டே நாள், நத்தாரும் அன்னையர் தினமும். இப்போது கிழமைக்கு ஒருமுறை கதைக்கலாம். பிள்ளையின் குரலுக்குக் காத்திருப்பது என்னவென்று எங்கள் தாய்மாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாய்க்குப் பிள்ளை எப்போது திரும்பி வருமென்று தெரியும்.

அவர்கள் மார்க்கத்தில் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. "வேண்டாம், நன்றி" என்றால் போய்விடுவார்கள். யன்னல் சீலையை மூடிவிட்டு ஒளியத் தேவையில்லை. வெயிலில் நின்றால் தண்ணீர் கொடுங்கள். தேத்தண்ணி ஊற்றவேண்டாம். தேயிலையும் கோப்பியும் அவர்களுக்கு விலக்கு. மாம்பழச் சாறென்றால் குடிப்பார்கள்.