சமையலறையில் மறைந்திருக்கும் மின்சாரம்



சிவசமுத்திரத்தில் காவிரி வீழுமிடத்தில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 92 மைல் கடந்து கோலார் தங்கவயலை அடைந்த ஆண்டு 1902. அது சுரங்க இயந்திரங்களை இயக்க வந்தது. நந்திதுர்க் லைன் வீடுகளில் நம் முன்னோர் வெகுகாலம் விறகடுப்பையே மூட்டினர். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைக்கும் பிள்ளைகள், இன்று வீட்டைப் புதுப்பிக்கின்றனர். சமையல் மேடைக்கடியில் மின்சார ஓவனைப் பதிக்கின்றனர்.

அப்படிப் பதித்த நம் உறவினர் வீட்டில், ஈரக்கையோடு ஓவன் கதவைத் தொட்ட அத்தைக்கு மின்னதிர்ச்சி ஏற்பட்டது. நல்லவேளை, உயிர் பிழைத்தார். பெட்டியை வெளியே இழுத்துப் பார்த்தோம். எர்த் கம்பி எதனோடும் சேராமல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. “எர்த் இல்லாமலேயே நன்றாக வேலை செய்கிறதே!” என்றார் அதை இணைத்தவர். உண்மைதான், வேலை செய்யும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. உள்ளே கம்பி பழுதுற்று உலோக உடலில் மின்சாரம் கசியுமாயின், அது மண்ணை அடைய வழி வேண்டும். எர்த் இல்லையேல், தொடுபவர் உடலே அவ்வழியாகும்.

எனவே, முதலில் எர்த் உண்டா என்று சோதிப்பித்தல் வேண்டும். அடுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எனும் கருவியைப் பொருத்துதல் வேண்டும். இவை ஒன்றுக்கொன்று துணையாவன; ஒன்றிருக்க மற்றது வேண்டாம் என்பது தவறு.

மூன்றாவது, கம்பியின் பருமன். 3,000 வாட் ஓவன், 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்குரிய 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகினால் கம்பி சூடேறி உறை உருகும். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியைத் தனியே இழுத்து, அதற்கென 16 ஆம்பியர் எம்.சி.பி. வைப்பது நன்று.

நான்காவது, நிறம். நம் நாட்டுப் பழைய இணைப்புகளில் நீலம் மின்முனைகளுள் ஒன்றைக் குறிக்கும், நியூட்ரலுக்குக் கறுப்பு. அயல்நாட்டுக் கருவிகளிலோ பழுப்பு மின்முனை, நீலம் நியூட்ரல். நீலத்தை நீலத்தோடு சேர்த்துவிட்டால், ஓவனின் பொத்தானை நிறுத்திய பின்னும் உள்ளே மின்சாரம் நிற்கக்கூடும். ஆகவே நிறத்தை நம்பாது, உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு சோதித்தே இணைத்தல் வேண்டும்.

இறுதியாக, இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் சுவிட்சு, ஓவனுக்குப் பின்னால் அன்றிக் கைக்கெட்டும் பக்கச்சுவரில் இருக்கட்டும். தீப்பற்றிய வேளையில் பெட்டியை இழுத்துக்கொண்டிருக்க நேரம் இராது.

சுரங்கத்தில் இறங்கியவர் மீளும்வரை வீட்டார் விழித்திருந்த ஊர் இது. அந்த அச்சம் நீங்கிய வீட்டுக்குள், வேறோர் ஆபத்தை நம் கையாலேயே பதித்துவைக்க வேண்டா.